பொருநைச் சரிவில் ஒரு மிதிவண்டிப் பயணம்

அரபு மொழியில் மீம், யா, லாம் என்னும் மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதி, உயிர்க்குறி இடாமல் விட்டுவிட்டால், அச்சொல்லை இரு வகையாகப் படிக்கலாம். 'மீல்' என்று படித்தால் அது வழித்தொலைவை அளக்கும் ஓர் அளவு. இலத்தீன் மூலத்திலிருந்து வந்து அரபியில் குடியேறிய சொல். 'மைல்' என்று படித்தால் அது சாய்வு, சரிவு. மனம் ஒன்றன்பால் சாய்வதாகிய விருப்பத்திற்கும் அதுவே பெயர். நாமோ தொலைவின் அளவையே தமிழில் 'மைல்' என்று வழங்குகிறோம். ஆக, அரபியர் சரிவு என்று கேட்கும் ஒலியைத் தமிழர் தொலைவு என்று கேட்கின்றனர். வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். சொற்களின் தற்செயலான ஒற்றுமை இது. இதில் பெருந்தத்துவம் ஏதும் இல்லை. எனினும், ஓர் ஆற்றின் கரையோரமாக மூன்று நாள்கள் மிதிவண்டியில் சென்ற பின்னர், இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத இடம் ஆற்றுப் பள்ளத்தாக்குதான் என்பது எமக்குத் தெளிவாயிற்று. அங்கே தொலைவு என்பதே சரிவுதான். அதனை அறிந்தோர் அங்கு நெடுங்காலம் வாழ்ந்தனர்; அறியாதார் வீட்டில் தண்ணீர் வந்து அறிவிக்கிறது.

யாம் சொல்ல வந்த ஆறு பொருநை. பொதிகை மலையில் பிறந்து, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியையே பழந்தமிழர் பொருநை என்றனர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இதனை ஊட்டுகின்றன. அதனால் இதன் கரையில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளையும். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலைச் சேரும் வற்றாத ஆறு என்று இதனைப் போற்றுவர். இவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். இவற்றுள் திருவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. ஏனைய ஏழும் அவர்கள் வருகைக்கு முற்பட்டவை.

இப்பயணத்திற்குக் காரணமானவர் எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர். வயது 19. அவர் வீடு ஏரலில் உள்ளது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொருநை கரை மீறியது. அவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, இறைவனுக்கே புகழனைத்தும். ஆனால் ஐந்தாண்டுகளாகச் சேர்த்த கிதாபுகள் அனைத்தும் சேற்றில் ஊறிப் போயின. விடுமுறை முடிந்து திரும்பி வந்தவர், நூல்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"ஹஜ்ரத், ஆத்தை ஒட்டி இருக்கிற தெருவுல இடுப்பளவுதான் தண்ணி. எங்க தெரு ஆத்துல இருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அங்கே ஆள் உயரத்துக்கு மேல போச்சு. இது எப்படி?"

இக்கேள்விக்கு விடை எம்மிடம் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக இலக்கணமும் பிக்ஹும் சொல்லிக் கொடுக்கும் எமக்கு நிலத்தின் இலக்கணம் யாரும் பாடம் சொன்னதில்லை. அறிவைத் தேடிப் பயணம் போவதை முன்னோர் 'ரிஹ்லா' என்றனர். ஒரே ஒரு செய்தியைக் கேட்டு உறுதி செய்துகொள்ள ஒரு மாதம் வழிநடந்தவர்களும் அவர்களுள் உண்டு. ஒரு கேள்விக்காக 120 கிலோமீட்டர் போவது அதனோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டன்று. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த விடுமுறையில், ஆனி மாதத் தொடக்கத்தில், ஆசிரியரும் மாணவருமாக இருவர் புறப்பட்டோம்.

எம் வண்டி பழைய மாதிரிக் கறுப்பு மிதிவண்டி. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், அகன்ற தோல் இருக்கை, பின்னால் உறுதியான கேரியர். கியர் மாற்றும் வசதி கிடையாது. முன்பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்பற்சக்கரத்தில் 18. மாணவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும், ஒரு கிலோமீட்டருக்கு நூற்றெண்பது சுற்றுகளுக்குச் சற்று மேல். கேரியரில் ஒரு துணிப்பை, காற்றடிக்கும் பம்பு, உபரியாக ஒரு டியூப், ஒட்டுப்போடுவதற்கு ரப்பர்த் துண்டும் பசையும் உப்புத்தாளும். ஐம்பது வயதைத் தாண்டியவர்க்கு ஒரு நாளில் 30 முதல் 45 கிலோமீட்டர் போதும் என்று அளவு வைத்துக்கொண்டோம். ஆனியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று முதுகைத் தள்ளும். கிழக்கு நோக்கிச் செல்பவர்க்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை. இதே வழியைத் தை மாதத்தில், வாடைக்கு எதிராக மிதித்துப் பார்ப்பவர் எம்மை நினைத்துக்கொள்வார்.

வண்டிகளைச் சுமை ஆட்டோவில் ஏற்றிப் பாபநாசம் சேர்ந்து, விடியற்காலைத் தொழுகை முடித்து, மலையடிவாரத்திலிருந்து இறங்கத் தொடங்கினோம். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், பின்பு பாலம் கடந்து தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. இப்பகுதியில் சாலை நேராகவும் மட்டமாகவும் ஓடுவதில்லை. குளக்கரை வந்தால் ஏறும். கரை கடந்தால் வயலுக்கு இறங்கும். மறுபடி ஒரு குளம், மறுபடி ஓர் ஏற்றம். பேருந்தில் செல்வோர் இம்மேடு பள்ளங்களை உணர்வதில்லை. மிதிப்பவரின் முழங்கால் ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியே எண்ணிச் சொல்லும்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து கால்வாய் ஒன்று பிரிகிறது. வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடை ஊர்களின் வயல்களுக்கு அதுவே தாய். வண்டி செல்லத்தக்க இடங்களில் எல்லாம் பெருஞ்சாலையை விட்டுக் கால்வாய்க் கரை மேலேயே சென்றோம். அங்கேதான் எம் முதற்பாடம் தொடங்கிற்று. அணையில் ஆற்று நீரும் கால்வாய் நீரும் ஒரே மட்டம். இரண்டும் அங்கிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஆறு தன் இயல்பான சரிவில் விரைந்து இறங்குகிறது. கால்வாயோ மிகச் சிறிதே சரிந்து, மேட்டின் இடுப்பைச் சுற்றி மெல்ல நடக்கிறது. அரை மணி நேரம் மிதித்துவிட்டு இடப்பக்கம் பார்த்தால், ஆறு வயல்களுக்கு அப்பால் தாழ்ந்து தெரிகிறது. இன்னும் ஒரு மணி நேரம் சென்றால், கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடையே வயல்கள் படிப்படியாக இறங்கிச் செல்கின்றன. கால்வாய் உயர்ந்ததன்று, ஆறு தாழ்ந்தது. அவ்வேறுபாடே இடைப்பட்ட நிலம் முழுமைக்கும் நீர் பாய்ச்சும் ஆற்றல். எந்திரமும் இல்லை, இறைப்பும் இல்லை. மாணவர் வண்டியை நிறுத்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இக்கால்வாய் வெட்டப்பட்டதைப் பற்றி அவ்வூரார் ஒரு கதை சொல்வர். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த பொருளை அறத்திற்குச் செலவிட எண்ணி, அகத்திய முனிவரை வழி கேட்டாராம். ஒரு பசுவின் பின்னே நடக்கச் சொன்னாராம் முனிவர். பசு நடந்த தடத்தில் கால்வாயும், அது நின்ற இடத்தில் மடையும், படுத்த இடத்தில் குளமும் வெட்டினார் என்பது கதை. கதையைக் கதையாகக் கொள்க. ஆயினும் அதனுள் ஓர் உழவரின் அறிவு ஒளிந்திருக்கிறது. மேயும் மாடு வீணாக ஏறாது, வீணாக இறங்காது. மேட்டின் ஓரமாக ஒரே மட்டத்தில் நடக்கும். மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் மாட்டின் கால்களையே கருவியாகக் கொண்டவர் யாரோ இருந்திருக்க வேண்டும். பாரம் ஏற்றிய மிதிவண்டியும் அப்படித்தான். வீண் ஏற்றத்தை அது ஒருபோதும் மன்னிப்பதில்லை.

வயல்களின் நடுவே செல்கையில் உமறுப் புலவரின் நினைவு எழுந்தது. சீறாப்புராணத்தில் அவர் அரபு நாட்டை ஆறும் வயலும் நிறைந்த தமிழ் மருதமாகப் பாடிவிட்டார் என்று குறை சொல்வார் உளர். பாலையில் நெல் விளையுமா என்பது அவர்தம் கேள்வி. யாமும் வகுப்பில் காப்பிய மரபு என்று ஒரு சொல்லில் விடை கூறிக் கடந்து செல்வது வழக்கம். எட்டையபுரத்துக் கரிசலையும் கீழக்கரை மணலையும் அறிந்த புலவர் அவர். நீரின் அருமையை அறியாதவர் அல்லர். தாம் உயிரினும் மேலாக நேசித்த ஒரு நாட்டிற்குத் தம்மிடம் இருந்தவற்றுள் மிகச் சிறந்ததை அளிக்க எண்ணியிருக்கிறார். வியர்வை வழிய மிதித்து வந்து, கால்வாய் நீரில் முகம் கழுவியபோது, அவர் எதனை அளித்தார் என்பது தோலுக்கே விளங்கிற்று.

அன்று பிற்பகல் பத்தமடை. இவ்வூர்க் கோரைப்பாய் புவிசார் குறியீடு பெற்றது, உலகறிந்தது. இதனை நெய்வோரில் மிகப் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். பொருநைக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, ஆற்றில் பல நாள் ஊறவிட்டு, மீண்டும் உலர்த்தி, நூலினும் மெல்லியதாகக் கிழித்து நெய்கின்றனர். பட்டுப்பாய் எனப்படும் உயர்தரப் பாயைத் துணிபோல் மடித்துக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயது மதிக்கத்தக்க தாய் ஒருவர் தறியின் முன் அமர்ந்திருந்தார். கோரையை ஏன் ஆற்றில் போட வேண்டும், வீட்டுத் தொட்டியில் ஊறவிட்டால் ஆகாதா என்று கேட்டோம்.

"ஓடுற தண்ணியில ஊறினாத்தான் அது நூலாகும், ஹஜ்ரத். தேங்குன தண்ணியில கெடந்தா அழுகிப் போகும்" என்றார். பிறகு தாமாகவே சொன்னார்: "மருமக பிள்ளைங்க தறியில உக்கார மாட்டேங்குதுங்க. ஒரு பாய் முடிக்கிற நாளுக்குக் கணக்குப் பார்த்தா கூலி கட்டல. அதுகளைக் குத்தம் சொல்ல முடியாது."

அவர் குரலில் புலம்பல் இல்லை. பாவு நூலைச் சரிசெய்துகொண்டே பேசினார். அன்றிரவு அவ்வூர்ப் பள்ளிவாசலை ஒட்டிய அறையில், அத்தகைய பாய் ஒன்றின் மேல் படுத்து உறங்கினோம்.

இரண்டாம் நாள் முன்னீர்ப்பள்ளம் வழியே மேலப்பாளையம். பழவூர் அணையிலிருந்து வரும் பாளையங்கால்வாய் இப்பகுதியைக் கடந்து செல்கிறது. வயல்வெளியில் தெளிந்து வந்த நீர், வீடுகள் நெருங்க நெருங்க நிறம் மாறிற்று. கரையில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கவும் இயலவில்லை. ஓடுகிற தண்ணீரைத் தேங்கிய தண்ணீராக்கும் வித்தையை எல்லாரும் சேர்ந்து கற்றுக்கொண்டுவிட்டோம். இதற்குமேல் அதனை விரித்துரைப்பதில் பயனில்லை. அக்கரையில் குடியிருப்பவர்க்கு நாள்தோறும் தெரிந்த செய்தி அது.

நெல்லைக்குக் கிழக்கே நிலம் அகன்று விரிகிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. ஆற்றின் முகத்துவாரம் வரை இன்னும் அறுபது கிலோமீட்டர் அளவு. ஆகவே கிலோமீட்டர் ஒன்றுக்கு ஒரு மீட்டர் அளவுக்கூட இறக்கம் கிடையாது. கண்ணுக்கு இச்சரிவு தெரியாது, முழங்காலுக்கும் தெரியாது. நீருக்கு மட்டுமே தெரியும்.

திருச்செந்தூர்ச் சாலையில், செய்துங்கநல்லூர் கடந்து ஆதிச்சநல்லூர். 1876இல் செருமானிய அறிஞர் ஜாகோர் இங்கே அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை விரிவாக ஆய்ந்து, முதுமக்கள் தாழிகளையும் இரும்பு, வெண்கலப் பொருள்களையும் பொன்பட்டங்களையும் வெளிக்கொணர்ந்தார். 2004இலும் 2021க்குப் பின்னரும் அகழாய்வு தொடர்ந்தது. தாழிகளை எடுத்த குழியிலேயே வைத்துக் கண்ணாடித் தளத்தின் வழியே காணும் அமைப்பு 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவையெல்லாம் நூல்களில் உள்ளவை. வண்டியில் வந்தவர்க்கு வேறொன்று தோன்றும். வயல்களின் ஓரமாகச் சாலையில் வரும்போது, அவ்விடத்தில் மட்டும் நிலம் சரளைக்கல் மேடாக எழுகிறது. ஊரார் அதனைப் 'பரம்பு' என்கின்றனர். 114 ஏக்கர் பரப்பு. நெல் விளையாது, வெள்ளம் ஏறாது. விளையும் நிலத்தை உயிரோடிருப்பவர்க்கு விட்டு, இறந்தோரை விளையாத மேட்டில் வைத்திருக்கின்றனர். ஆற்றின் வடபுறத்திலுள்ள சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லுமி கி.மு. 1155ஆம் ஆண்டைச் சார்ந்தது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எது மேடு, எது பள்ளம் என்று அறிந்தோர் இருந்தனர்.

"அப்ப அவங்க நாங்க இருக்கிற தெருவுல வீடு கட்டியிருக்க மாட்டாங்க" என்றார் மாணவர். யாம் மறுமொழி கூறவில்லை.

மாலையில் திருவைகுண்டம் அணை. இவ்வூர் நிலையத்தில்தான் 2023 வெள்ளத்தின்போது திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற விரைவுவண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த சரளையை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. சுற்றிலும் நீர் சூழ்ந்த நிலையில், பக்கத்துப் புதுக்குடி ஊரார் தம் வீட்டு அரிசியைக் கொண்டு சமைத்துப் பயணிகளுக்கு உணவளித்தனர். இன்னார் இனியார் என்று கேளாமல் அளித்த உணவு. அவ்வூர் வழியே மிதித்துச் செல்கையில் தேநீர்க் கடை ஒன்றில் நின்றோம். அந்நாளைப் பற்றிக் கேட்டபோது, கடைக்காரர் 'அது என்ன பெரிய காரியம்' என்பதுபோல் கையை அசைத்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை வடகரை வழியே பெருங்குளம் கடந்து ஏரல் சேர்ந்தோம். வெள்ளம் இங்கே ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சாலையையே அடித்துச் சென்றது. ஊரில் நுழைந்ததும் நேரே வீட்டுக்குப் போக வேண்டாம், முதலில் ஆற்றங்கரைக்குப் போவோம் என்றார் மாணவர். கரையை ஒட்டிய தெருவிலிருந்து அவர் வீடு இருக்கும் தெரு நோக்கி வண்டியைத் திருப்பினோம். சற்றுத் தூரத்தில் இருவரும் மிதிப்பதை நிறுத்தினோம். வண்டி நிற்கவில்லை. பின்சக்கரத்தின் பிரீவீல் டிக் டிக்கென்று ஒலிக்க, தானாகவே உருண்டுகொண்டிருந்தது. காற்றின் வேலையோ என்று ஐயுற்று, மறுபடி கரைக்குப் போய், வீடுகள் காற்றை மறைக்கும் குறுக்குச் சந்து வழியே வந்து பார்த்தோம். அப்போதும் உருண்டது. மாணவரின் முகம் மாறிற்று.

கேள்விக்கு விடை அதுவே. மலையை அடுத்த பகுதியில் நிலம் ஆற்றை நோக்கிச் சரியும். கடலை அடுத்த பகுதியில் அவ்வாறன்று. ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு கரை மீறும்போது, விரைவு குறைந்த நீர் தான் சுமந்து வரும் மணலையும் வண்டலையும் முதலில் கரையருகிலேயே இறக்கிவிடுகிறது. நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் கரையே மேடாகிறது. கரையிலிருந்து விலகிப் போகப் போக நிலம் தாழ்கிறது. ஆகவே இங்கே ஆற்றுக்குத் தள்ளி இருப்பது பாதுகாப்பன்று. கரை மீறிய நீர் ஆற்றுக்குத் திரும்பாமல், பள்ளம் நோக்கி ஓடி அங்கேயே தங்கும். பழைய ஊர் கரை மேட்டில் அமைந்ததும், அவர்கள் தெரு இருக்கும் இடம் ஒரு தலைமுறைக்கு முன்வரை தாழ்ந்த நஞ்சையாக இருந்ததும் தற்செயல் அல்ல.

அவர் வீட்டின் முன்சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் அழியவில்லை. அதன் மேல் சிவப்புச் சாயத்தால் தேதி எழுதியிருந்தனர். அது எம் தலைக்கு மேல் இருந்தது. அவர் தந்தையார் தேநீர் தந்து உபசரித்தபின் கேட்டார்: "ஹஜ்ரத், இந்த வீட்டை வித்துட்டு வேற ஊர் போயிரலாமான்னு வீட்டில சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" ஒரு குடும்பத்தின் முப்பதாண்டு உழைப்பைப் பற்றிய கேள்வி அது. "பாய், யாருக்கு விற்பீர்கள்? வாங்குபவர்க்கும் இதே கோடுதானே?" என்று மட்டும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

ஏரலுக்கு அப்பால் உடைமரங்கள் நிறைந்த வழியில் கொற்கை. எம் பின்சக்கரத்தில் முள் ஏறிற்று. மரநிழலில் அமர்ந்து ஒட்டுப் போட்டோம். முத்துக்குப் பெயர் பெற்ற பாண்டியர் துறைமுகம் இது, கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் இதன் முத்துக்குளிப்பைக் கூறுகிறது. இன்று ஊரைச் சுற்றி வயல்; கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே உள்ளது. ஏரலில் கரையை மேடாக்கிய அதே வண்டல்தான் கொற்கையிலிருந்து கடலைத் தள்ளிவிட்டது. துறை தூர்ந்தபின் வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், மார்க்கோ போலோ கண்ட காயல் பழையகாயலே என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் நிறுவ முயன்றார். காயல்பட்டினமே என்பாரும் உளர். பழையகாயலும் பின்பு கடலை இழந்தது. ஆறு முன்னே நிலத்தைக் கட்டிக்கொண்டு போக, மக்கள் பின்னே சென்றிருக்கின்றனர்.

அக்காலத்தில் அரபியரும் பாரசீகரும் இக்கடற்கரை நாட்டை 'மஅபர்' என்றனர். கடந்து செல்லும் துறை என்பது பொருள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபரிலும் பிற துறைகளிலும் ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் இறங்கியதாகவும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் எழுதியுள்ளார். ஐன், பா, ரா என்னும் அதே வேரிலிருந்துதான் படிப்பினை என்னும் பொருளுடைய 'இப்ரத்' என்ற சொல்லும், மதரஸாவில் ஆசிரியர் முன் மாணவர் படித்துக் காட்டும் மூலவாசகமாகிய 'இபாரத்' என்ற சொல்லும் பிறக்கின்றன. பழையகாயல் சாலையில் மாணவர் முன்னே மிதித்துச் செல்ல, யாம் பின்னே சென்றோம். அவர் அன்று வண்டியை ஓட்டியது, தவறின்றி இபாரத் படிப்பவரின் அமைதியோடு இருந்தது.

முக்காணிப் பாலம் கடந்து ஆத்தூரில் லுஹர் தொழுது, ஆறுமுகநேரி உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூச, மாலையில் காயல்பட்டினம் சேர்ந்தோம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இவ்வூரில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். தமிழ்நாட்டின் சமவெளியில் ஒரே நாளில் இவ்வளவு மழையைக் கண்ட தலைமுறை வேறு இல்லை என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். பெண்கள் நடமாடுவதற்கென அமைந்த பழைய முடுக்குகள் வழியே அவர் எம்மை அழைத்துச் சென்றார். எந்தெந்த முடுக்கில் நீர் விரைந்து வடிந்தது, எங்கே நாள்கணக்கில் நின்றது என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். முன்பு தெரியாத எத்தனையோ அவருக்கும் அப்போதுதான் தெரிந்தன. கற்கும் வாய்ப்பு அவ்வளவு விலை கொடுத்து வந்திருக்க வேண்டியதில்லை.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கும் ஓர் ஆறோ ஓடையோ இருக்கும். காடு மலை தாண்டிப் போக வேண்டியதில்லை. விலையுயர்ந்த வண்டியும் வேண்டா. காற்று நிறைத்த இரு சக்கரம் போதும். அந்நீரின் தலையிலிருந்து கடை வரை ஒரு முறை மிதித்துப் பாருங்கள். எங்கே ஏறினோம், எங்கே மிதிக்காமலே உருண்டோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மனை வாங்குமுன் அக்குறிப்பை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நலம்.

அம்மாணவர் அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்றபோது எமக்கு ஒரு கடிதம் எழுதினார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், நீர் நிறைத்த ஒளிபுகும் குழாயை இரவல் வாங்கி, அத்தெருக் கொத்தனார் ஒருவரோடு கரைத் தெருவிலிருந்து தம் வீட்டு வாசல் வரை அளந்திருக்கிறார். குழாயை இருபது முழம் இருபது முழமாக நகர்த்தியதில் ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. அவர்கள் தெரு மூன்றே முக்கால் அடி தாழ்ந்திருக்கிறது. பிறகு கரைத் தெருச் சுவரில் வெள்ளம் நின்ற கோட்டின் உயரத்தையும், தம் வீட்டுக் கோட்டின் உயரத்தையும் கழித்துப் பார்த்தாராம். அதுவும் அதே அளவு, ஓரிரு விரற்கடை வேறுபாட்டோடு. வீட்டை விற்கவில்லை, மாடியில் ஓர் அறை எழுப்பப் போகிறார்கள், முதலில் கிதாபுகளுக்கான அலமாரி அங்கே ஏறும் என்று எழுதியிருந்தார். அவ்வளவை அவர் தெருவில் புதிதாக வீடு கட்டும் மூவர் கேட்டு வாங்கிப் போனார்களாம்.